வலது பக்கத்துச் சொந்தங்கள்

கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் சரிவில் எங்கள் கடை இருந்தது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பழைய செல்போன் வாங்கி விற்பது, போனில் பாட்டு ஏற்றித் தருவது என்று எல்லாம் உண்டு. வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டப் போய்விடுவார். கடை என் கையில். பட்டன் போன்களில் ஜாவா வந்து, சின்னச் சின்ன விளையாட்டுகள் ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. கண்ணாடியைத் தடவினால் போன் வேலை செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால், பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்திருப்போம்.

பாட்டு ஏற்ற வருகிறவர்கள் விளையாட்டும் கேட்பார்கள். பாம்பு, கார், கிரிக்கெட் என்று ஏற்றிக் கொடுத்துக் கொடுத்து, இதையெல்லாம் யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு அரிப்பு. எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், "சும்மா இருக்குற கை சோலியத் தேடும்" என்று. மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் மத்தியானம் ஆளே வராது. கடையை ஒருக்களித்து விட்டு அடுத்த கட்டிடத்து நெட் சென்டரில் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் படித்தது பன்னிரண்டு வரைக்கும்தான். என் உடைந்த இங்கிலீஷில் இணையத்தில் கேள்வி எழுதிப் போட்டால், எந்த தேசத்திலிருந்தோ முகம் தெரியாத ஒரு மனுஷர் பொறுமையாகப் பதில் எழுதுவார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை தெரியாது. அந்தப் புண்ணியவான் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அப்படித் தட்டுத்தடுமாறி நான் முதலில் செய்தது பஸ் நேரம் காட்டுகிற ஒரு சின்ன செயலி. மேல்மலைக் கிராமங்களுக்குப் போகிற பஸ்கள் கொஞ்சம்தான். கூக்கால் பஸ்ஸை விட்டவன் கொடைக்கானலில் சொந்தக்காரன் இருந்தால் பிழைத்தான். அதனால் நான் செய்தது நாலு பேருக்கு உபயோகமாக இருந்தது. போன்களுக்கு அப்போது தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துப் படமாக வரைந்துதான் உள்ளே அனுப்ப வேண்டும். என் போனின் திரை அகலத்துக்கு நூற்றெழுபத்தாறு புள்ளி. அந்தக் கணக்குக்கு வரைந்தேன், அழகாக வந்தது. எழுத்து மட்டும்தானே, ஒன்றன் கீழ் ஒன்றாகப் போகும். அதனால் மற்ற போன்களிலும் பெரிய வில்லங்கம் வரவில்லை.

வில்லங்கம் வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகையில்.

பஸ் நிலையத்துக்கு எதிரே பழக்கடை வைத்திருந்த ஒரு அண்ணன். சொந்த ஊர் ஆயக்குடி, பரம்பரையாகக் கொய்யா வியாபாரம் செய்கிற பெரிய குடும்பம். மலைக்குப் பழம் கொண்டு வந்தவர், இங்கே ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு மலையிலேயே தங்கிவிட்டார். அந்த அக்கா சிலோனிலிருந்து திரும்பி வந்த தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணன் ஒருநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏம்மா, பஸ்ஸு நேரத்தையே போனுக்குள்ள அடைச்சுப்புட்ட. எம்மக பத்திரிகைய அடைக்க மாட்டியா? ஆயக்குடில இருக்குற அண்ணன் தம்பிக அம்புட்டுப் பேரும் வாயப் பொளக்கணும்."

"வாயப் பொளந்தா ஈ போகும்" என்றார் அக்கா. "அச்சாபீசுல கெடக்குற பத்திரிகைய வாங்குற சோலியப் பாருங்க மொதல்ல."

"அது பாட்டுக்கு அது வரும். இது பாட்டுக்கு இது."

அண்ணனுக்கு எல்லாமே காகிதப் பத்திரிகை மாதிரியே இருக்க வேண்டும். மேலே பிள்ளையார். இரண்டு ஓரத்திலும் குலை தள்ளிய வாழைமரம். நடுவில் பொண்ணு, மாப்பிள்ளை. அதற்குக் கீழே சொந்தபந்தங்கள் இரண்டு வரிசையாக, இடது பக்கம் அண்ணன் வகையறா, வலது பக்கம் அக்கா வகையறா. வலது பக்கத்தில் முதல் பெயர் பொண்ணுக்குத் தாய்மாமன், அதாவது அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். நான் எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்தேன். உயரம் கூடுதலாக இருந்ததால் பட்டனை அமுக்கினால் மேலேயும் கீழேயும் நகரும்படி வைத்தேன். என் போனில் பார்த்தபோது தேரை அலங்கரித்து நிறுத்தின மாதிரி இருந்தது. அண்ணன் ஆயக்குடிக்கு ஒரு நடை போய், தன் சொந்தக்காரர்களின் போனில் எல்லாம் புளூடூத்தில் ஏற்றிவிட்டு வந்தார். எல்லோரும் வாயைப் பிளந்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சந்தை. மேல்மலைக்காரர்கள் அன்றைக்குத்தான் இறங்கி வருவார்கள். அக்காவின் அண்ணனும் வந்தார். போளூரில் கொஞ்ச நிலத்தில் பூண்டு போடுகிறவர். குரங்குக் குல்லா, முழங்கை பிய்ந்த ஸ்வெட்டர், ரப்பர் பேண்ட் போட்ட போன். அந்தப் போன் எங்கள் கடையில் வாங்கினதுதான். திரை தீப்பெட்டி அகலம் இருக்கும்.

"தங்கச்சி சொல்லுச்சு தாயி, மருமக கல்யாணப் பத்திரிகைய இதுல ஏத்திக்கச் சொல்லி. வெரசா ஏத்து. பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான்."

வயரைச் சொருகி ஏற்றினேன். "ஏறிருச்சுண்ணே, தெறந்து பாருங்க" என்றேன்.

"வீட்டுல போயிப் பார்த்துக்கிறேன். இந்தப் பஸ்ஸ விட்டா போளூருக்கு நடராசா சர்வீசுதான்." ஓடிவிட்டார்.

அன்று சாயந்திரம் போளூர் டீக்கடையில் நடந்ததை எனக்குப் பிறகு நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். அவர் போய் இறங்கினதும் நேராக டீக்கடைக்குப் போயிருக்கிறார். "எந்தங்கச்சி மக பத்திரிகைடா, போன்லயே வந்துருக்கு பாருங்க" என்று எல்லோரையும் கூட்டி வைத்துத் திறந்திருக்கிறார். பிள்ளையார் தெரிந்தார். இடது ஓரத்து வாழைமரம் தெரிந்தது. கீழே நகர்த்த நகர்த்த ஆயக்குடிக் குடும்பத்துப் பெயர்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. என் படம் நூற்றெழுபத்தாறு புள்ளி அகலம், அவர் திரை நூற்றிருபத்தெட்டு. மிச்சத்தை அந்தப் போன் வெட்டிவிட்டது. பக்கவாட்டில் நகர்த்த நான் வழி வைக்கவில்லை.

கூட்டத்தில் ஒருத்தன் கேட்டானாம், "ஏலே, பொண்ணுக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல ஆத்துல மெதந்து வந்த பொண்ணா?" என்று. இன்னொருத்தன், "சிலோன்காரன் பேரப் போட்டா ஆயக்குடிக்காரனுக்குக் கௌரவக் கொறைச்சலாக்கும்" என்றானாம். மனுஷர் டீயைக் குடிக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய் போனை அணைத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸில் வந்த போளூர்க்காரர் ஒருவர் மூலமாக அக்காவுக்குச் சேதி வந்தது: "பத்திரிகைல எடம் இல்லாத மாமனுக்குப் பந்தல்லயும் எடம் வேண்டாம்."

அக்கா கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்மா அவன. அச்சாபீசுலேர்ந்து பத்திரிகை வரட்டும், தட்டோட போவோம்னு இருந்தேன். தட்டு போறதுக்கு முன்னால போனு போயிருச்சு. அதுவும் இப்பிடிப் போயிருச்சு."

"அக்கா, படத்துல அவரு பேரு இருக்குக்கா. அவரு போன்ல தெரியல, அம்புட்டுத்தான்."

"அத நான் சொன்னா நம்புவானா? பொறந்த எடத்துலேர்ந்து தொரத்துனாங்க. இங்க வந்து எறங்குனா சிலோன்காரன்னாங்க. எல்லா எடத்துலயும் தன் பேர வெட்டுனதப் பார்த்தவன்மா அவன்." முந்தானையை மடியில் இழுத்து விட்டுக்கொண்டார். "தோட்டத்து லயத்து வீட்டுல ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போயிட்டாக. அவன் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கப்பல் ஏறுனேன். அவன் வராம எம்புள்ளைய யாரு மணவறைக்குக் கூட்டிட்டுப் போவா? நான் வேற எவனக் கூப்பிடுவேன்?"

அவர் போனபிறகு, அதே மாதிரி ஒரு பழைய போனை அலமாரியிலிருந்து எடுத்துப் பத்திரிகையை ஏற்றிப் பார்த்தேன். டீக்கடையில் பார்த்ததையே நானும் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆயக்குடிச் சொந்தங்கள் வைத்திருந்ததெல்லாம் அகலமான திரை. அக்காவின் சொந்தங்கள் வைத்திருந்ததெல்லாம் எங்கள் கடையில் வாங்கின தீப்பெட்டித் திரை. படத்தில் வெட்டுப்பட்ட பக்கம் யாருடையதோ, வெட்டிக் காட்டுகிற போனும் அவர்களுடையதுதான்.

மறுநாள் வெள்ளனே எழுந்து வேலையை ஆரம்பித்தேன். முதலில் மொத்தப் படத்தையும் சுருக்கிப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் எறும்பு மிதித்த எள்ளு மாதிரி ஆகிவிட்டன. 'ணை'யும் 'லை'யும் ஒன்றுபோல் இருந்தன. அதை விட்டுவிட்டு, எழுத்தின் அளவை அப்படியே வைத்து, இரண்டு வரிசையையும் ஒரே வரிசையாக்கி, பஸ் நேரம் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டேன். எந்தப் போன் ஆனாலும் தன் அகலம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். அதைக் கேட்டு அதற்குள் அடங்குகிற மாதிரி எழுத வைத்தேன். விரலுக்குத் தக்க வீக்கம். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணன் கீழே நகர்த்திக்கொண்டே போனார். "எங்க சனம் எங்கம்மா?"

"மாமன் வகையறா மொதல்ல. அதுக்குக் கீழ ஒங்க வகையறா."

"என்னது? எங்க அண்ணன் பேரு கீழயா? என் குடும்பத்துல என்னையக் கட்டி வச்சு ஒதைப்பாங்க."

"அப்ப உங்க வகையறாவ மேல போட்ருவோம்."

"போடும்மா, போடு" என்றார் அக்கா. "எங்கண்ணன் அடியில கெடக்கட்டும். சட்டிக்கு அடியில கருகிக் கெடக்குமே, அது மாதிரி."

காகிதத்தில் இரண்டு பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது இந்தப் பிரச்சினையே கிடையாது. யாரும் மேல் இல்லை, யாரும் கீழ் இல்லை. ஒற்றை வரிசை என்று வந்துவிட்டால் ஒருத்தர் முந்தி, ஒருத்தர் பிந்தி. மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள். அன்றைக்கு மத்தளம் நான்தான். கணவனும் மனைவியும் எனக்கு முன்னாலேயே, அந்தக் காலத்தில் யாருடைய சீமந்தத்துக்கு யார் வரவில்லை என்பது வரைக்கும் போய்விட்டார்கள்.

கடைசியில் அலுத்துப்போய் அக்கா சொன்னார்: "கல்யாணத்துல போட்டா எடுக்குறாகல்ல, பொண்ணு மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் இவுக சனம், இந்தப் பக்கம் எங்க சனம். அதுல யாருய்யா மேல, யாரு கீழ? அது மாதிரி செய்யத் தெரியலேன்னா இந்தப் போனு எதுக்கு?"

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன். திரைக்குக் கீழே இடது ஓரத்தில் ஒரு பட்டன், வலது ஓரத்தில் ஒரு பட்டன். தீப்பெட்டிப் போனிலும் இருந்தது, ஆயக்குடிப் போனிலும் இருந்தது. திரை எவ்வளவு சிறுத்தாலும் அந்த இரண்டும் எல்லாப் போனிலும் உண்டு.

முதல் பக்கத்தில் பிள்ளையார், வாழைமரம், பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நிற்கட்டும். இடது பட்டனை அமுக்கினால் அப்பா வழிச் சொந்தம். வலது பட்டனை அமுக்கினால் அம்மா வழிச் சொந்தம். இரண்டுக்கும் ஒரே தூரம், ஒரே அமுக்கு. சொன்னதும் அண்ணன் தலையை ஆட்டினார். அக்கா என் கன்னத்தைத் தடவி விரல்களைத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினார்.

செய்துவிட்டேன். ஆனால் இந்தமுறை ஒரு போனில் பார்த்துவிட்டு நிறுத்த பயமாக இருந்தது. என்னுடையதையும் சேர்த்து அப்போது கடையில் இருந்ததோ இரண்டு போன். அதனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "போனக் கொஞ்சம் குடுங்க, ஒரு பத்திரிகை ஏத்திப் பார்த்துட்டுத் தரேன்" என்று கேட்க ஆரம்பித்தேன். நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. போனைக் கொடுத்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போனார்கள். டாக்ஸிக்காரர்கள் கொடுத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர் கொடுத்துவிட்டு, "காட் பிளஸ் தி கப்பிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஹோட்டல் சமையல்காரர், மசாலாக் கையோடு எடுத்து நீட்டினார். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு அகலம், ஒவ்வொரு உயரம். ஒன்றில் வாழைக்குலை பொண்ணின் பெயர் மேல் தொங்கியது. ஒன்றில் பிள்ளையாருக்கு வயிறு வரைக்கும்தான் இருந்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன்.

ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர் ஒருவரின் போனில்தான் பெரிய கூத்து. வலது பட்டனை அமுக்கினால் பத்திரிகையே மூடிக்கொண்டது. அந்தப் போனில் வலது பட்டன் என்றால் 'வெளியேறு' என்று கம்பெனிக்காரனே எழுதி வைத்திருக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"எங்க பக்கத்த அமுக்குனா வெளிய தள்ளுதா?"

குதிரைக்காரர் சிரித்தார். "மாமன் வீட்டுக்குப் போறதுன்னா வெளியேறித்தானக்கா போகணும்."

"ஒன் குதிரையோட நீ வெளியேறு."

அந்தப் போனின் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, திரை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு, பட்டன்களுக்கும் நானே வேலை சொல்கிற மாதிரி மாற்றினேன். வெளியேறுவதைச் சிவப்புப் பட்டனுக்குத் தள்ளிவிட்டேன். குதிரைக்காரர் மறுநாளும் வந்து, கேட்காமலேயே போனை நீட்டினார்.

அச்சாபீசிலிருந்து காகிதப் பத்திரிகையும் வந்து சேர்ந்தது. தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகையோடு அண்ணனும் அக்காவும் போளூருக்குக் கிளம்பினார்கள். "நீயும் வாம்மா" என்றார் அக்கா. "தட்டு எங்க கையில. போனு ஒன் கையிலதான்." அங்கே போய் ஏற்றுவதற்குத் தெரிந்த ஒரு ஹோட்டல் மேனேஜர் தன் லேப்டாப்பைக் கொடுத்து உதவினார். "பேட்டரி கொஞ்ச நேரம்தான் நிக்கும்மா, பார்த்துக்க" என்று குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். அதை ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

நாங்கள் போனபோது அவர் வீட்டு வாசலில் பூண்டைத் தாளோடு கற்றை கட்டிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். தங்கையின் வீட்டுக்காரரிடம் மட்டும், "வாங்க" என்றார். அந்த ஒரு 'வாங்க' மார்கழிப் பனி மாதிரி இருந்தது. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து பாய் கொண்டுவந்து போட்டார். அக்கா தட்டை நீட்டவில்லை. நீட்டி, அவர் வாங்காமல் போய்விட்டால் பிறகு பேச்சே இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"போனக் குடுங்கண்ணே" என்றேன் நான்.

"எதுக்கு? இன்னும் யாரு பேரு பாக்கி இருக்கு? ஆயக்குடி நாயி, பூனை எல்லாத்துக்கும் போட்டாச்சா?"

"ஒங்க பேரு எப்பவும் இருந்துச்சுண்ணே. நான் அளவு பார்க்காம தச்ச சட்டை, ஒங்க போனுக்குப் பத்தல. இப்பப் பாருங்க."

"தாயி, நீ நல்ல புள்ள. ஒன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. சொல்லிக் குடுத்தவுகளத்தான்..."

"சொல்லிக் குடுத்தது நான்தான்ணே" என்றார் அக்கா மெதுவாக. "நான்தான் ஒன் பேர மொதல்ல போடச் சொன்னேன்."

அவர் கற்றையை இறுக்கிக் கட்டினார். அவர் சம்சாரம்தான் உள்ளே போய், ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போனை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "பார்த்துத் தொலைங்களேன். பார்த்தா என்ன, கண்ணு அவிஞ்சா போகும்?"

ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "வலது பட்டன அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். முதல் பெயர் அவருடையது. திரையின் முழு அகலத்துக்கும் தெளிவாக நின்றது. பார்த்தார். பிறகு அவராகவே இடது பட்டனை அமுக்கினார். திரும்ப வலது. திரும்ப இடது.

"ரெண்டுக்கும் ஒரே அமுக்குதானா?"

"ஒரே அமுக்குதான்."

"எழுத்து?"

"ரெண்டு பக்கமும் ஒரே எழுத்துதான், மச்சான்" என்றார் அண்ணன். "எங்கண்ணனுக்கு என்ன பருமனோ, அதேதான் ஒங்களுக்கும்."

முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்பன் பேரு போட்டு 'மகள்'னு போட்டுருக்கு. பெத்தவ எங்க?"

காகிதத்தில் அக்காவின் பெயர் பழக்கடை அண்ணன் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. தீப்பெட்டித் திரையில் அந்த வரி அடங்கவில்லை. எழுத்தைச் சுருக்கவும் முடியாது. என்ன செய்வது என்று நான் திணறியபோது அக்காதான், "எம்பேர எடுத்துரும்மா. எங்கண்ணன் பேரு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லியிருந்தார்.

அதை நான் சொன்னேன். அவர் தங்கையைப் பார்த்தார். நாங்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"எடம் பத்தலண்ணே" என்றார் அக்கா.

"எடமா?" அவருக்குக் குரல் உயர்ந்தது. "கிறுக்கச்சி! ஒன்னைய எடுத்துட்டு எனக்கு எடம் போடச் சொல்லி நான் கேட்டனா?" போனை என் பக்கம் நீட்டினார். "இது என்ன தாயி, ரெண்டு ஓரத்துலயும் பச்சையா நிக்குது?"

"வாழைமரம்ணே."

"வெட்டு."

"என்னண்ணே?"

"ரெண்டையும் வெட்டு. வெட்டிட்டு அந்த எடத்துல எந்தங்கச்சிய வையி."

அவர் சம்சாரம் பதறினார். "நல்ல காரியத்துல வாழைய வெட்டச் சொல்றீகளே, விளங்குமா?"

"அடி போடி. போனுக்குள்ள இருக்குற வாழை தார் தள்ளி நீ திங்கவா போற?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணன் சிரித்த சிரிப்பில் பாயில் சாய்ந்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி குறைந்துகொண்டிருந்தது. வாசலில் பூண்டு வாடைக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு வாழைமரங்களையும் அழித்து, கிடைத்த அகலத்தில் பழக்கடை அண்ணன் பெயருக்குப் பக்கத்திலேயே, ஒரே வரியில் அக்கா பெயரையும் வைத்தேன். ஏற்றி முடித்ததும் லேப்டாப் அணைந்துவிட்டது.

அவர் படித்தார். தங்கையின் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு எழுந்து குல்லாவைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். "தட்டு என்ன மடியிலேயே குட்டி போடுமா? குடு இங்க."

அக்கா அழுதுகொண்டே கொடுத்தார். எனக்கும் கண்ணீர் பொங்கிவிட்டது. பூண்டு வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாமன் முதல் நாளே சீரோடு வந்து இறங்கிவிட்டார். வேட்டி சட்டை, சட்டைப்பையில் போன். கண்ணில் படுகிற சொந்தக்காரர்களை எல்லாம் நிறுத்தி, "ஒங்க போன்ல எந்தங்கச்சி பேரு தெரியுதா?" என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சம்பளம் இல்லாத ஒரு பரிசோதகர் கிடைத்துவிட்டார்.

ஆயக்குடியிலிருந்து வந்திருந்த பெரியவரிடமும் போனார். அவர் பழக்கடை அண்ணனின் மூத்த அண்ணன், பொண்ணுக்குப் பெரியப்பா. புதிதாக வாங்கின உயர்ந்த போன் வைத்திருந்தார். அகலம் இருநூற்று நாற்பது புள்ளி. நான் அனுப்பின புதுப் பத்திரிகையைத் திறந்து கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போனைக் கிட்டே கொண்டுபோனார், தூரமாகப் பிடித்தார்.

"ஒண்ணும் வெளங்கலையே! எறும்பு ஊருறாப்ல இருக்கு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் போனை வாங்கி என் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரை இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்தான். ஆனால் அவருடையதில் புள்ளிகளை நெருக்கி நெருக்கி அடைத்திருந்தான். எத்தனை புள்ளி என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கவே இல்லை. அதே எழுத்து, அதே எண்ணிக்கைப் புள்ளிகள், அவர் திரையில் பொடிந்துபோயிருந்தது. நான் அதை அவருக்கு விளக்கப் பார்த்தேன். "பெரிய போன்னா நல்லாத் தெரியணுமேம்மா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாமன் எட்டிப் பார்த்தார். "நெருக்கி நட்டா காய் சிறுத்துத்தான மச்சான் போகும். பூண்டுக்கும் அதேதான்." சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து தன் தீப்பெட்டிப் போனை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். "இந்தாங்க, இதுல பாருங்க. எடது பட்டன் ஒங்க பக்கம். வலது பட்டன் எங்க பக்கம்."

பெரியவர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலில் வலது பட்டனைத்தான் அமுக்கினார். மாமனின் பெயரை முழுசாகப் படித்தார். "இந்தா இருக்கே, கல்வெட்டாட்டம்" என்றார். பிறகு ஒவ்வொரு பெயராகப் படித்து, "இவரு ஆரு? இந்தம்மா ஒங்களுக்கு என்ன முறை?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். மாமன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இன்னார் நீலகிரியில் இருக்கிறார், இன்னார் தாங்கள் வந்த கப்பலிலேயே வந்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கும் மேலான சம்பந்தம். "அந்த ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி இன்னிக்குத்தாம்மா நான் பார்க்குறேன்" என்றார் அண்ணன், என் காதில்.

மணவறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "தாய்மாமன் எங்கப்பா? பொண்ணக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நேரமாச்சு!"

மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போனைத் திரும்பக் கேட்கவில்லை. பெரியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திரையின் வெளிச்சம் அணைய அணைய ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, மாமன் தன் மருமகளைக் கைபிடித்து அழைத்து வருவதைப் பார்த்தபடி எழுந்து நின்றார்.